அப்பா எல்லையில், பிள்ளைகள் வீட்டில்

குழந்தை பிறந்ததும் பிறப்புச் சான்றிதழை வாங்கிக் கணவரின் யூனிட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அங்கே 'பார்ட் டூ ஆர்டர்' போட்டால்தான் பிள்ளையின் பெயர் ராணுவப் பதிவேட்டில் ஏறும். டிபென்டன்ட் கார்டு, மிலிட்டரி ஆஸ்பத்திரி, படிப்புச் சலுகை எல்லாம் அதற்குப் பிறகுதான். இனிஷியலில் கவனம்! நமக்கு 'எஸ். கவின்' போதும், வடக்கே படிவத்தில் குடும்பப்பெயர் கேட்பார்கள். சான்றிதழ், ஆதார், ஆர்டர் மூன்றிலும் பெயர் எழுத்து மாறாமல் இருக்கட்டும். பின்னால் திருத்த அலைவது பெரும்பாடு.

மாற்றல் வந்தால் தடுப்பூசி அட்டையும் பள்ளி டி.சி.யும் லாரியில் ஏறும் பெட்டியில் வேண்டாம், கைப்பையிலேயே இருக்கட்டும். கேந்திரிய வித்யாலயாவில் படிக்கிற பிள்ளைக்கு அடுத்த ஊர் கே.வி.யில் இடம் கிடைப்பது எளிது.

அப்பா முன்னணிப் பகுதியில் இருந்தால் சிக்னலை நம்ப முடியாது. "எட்டு மணிக்கு அப்பா பேசுவார்" என்று சின்னதுகளிடம் வாக்குக் கொடுத்துவிட்டு அழுகையைச் சமாளிப்பதைவிட, "லைன் கிடைத்தால் பேசுவார்" என்பதே மேல். அவர்கள் கிறுக்கிய படங்களை யூனிட்டின் ஏ.பி.ஓ. (ராணுவ அஞ்சலக) முகவரிக்குத் தபாலில் அனுப்பலாம்.

அவர் இருக்கும் இடத்தையும் சீருடைப் படத்தையும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடவே கூடாது. பெருமை தாங்காத தாத்தா பாட்டிக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.