பன்றிக்கறி சமைக்கிறியா? அக்கா சொல்றதைக் கேட்டுட்டுப் போ

தங்கச்சி, ஆவடியில ராணுவத் தொழிற்சாலை, விமானப்படை, சி.ஆர்.பி.எஃப். எல்லாம் இருக்கறதால, நம்ம கோவில்பதாகை பக்கம் பல மாநிலத்துக்காரங்களும் குடியிருக்காங்க. அவங்க வீட்டுப் பன்றிக்கறி வாசனையில உனக்கும் சமைச்சுப் பார்க்க ஆசை வந்திருக்கும். தாராளமா சமை. அரைவேக்காடா மட்டும் இறக்கிடாதே.

பன்றிச் சதைக்குள்ள நாடாப்புழுவோட குஞ்சு, சின்ன நீர்க்கட்டியா உட்கார்ந்திருக்கும். கடையில கறியைப் புரட்டிப் பாரு. ஜவ்வரிசி மாதிரி வெள்ளை மணிகள் தெரிஞ்சா வாங்காதே. தெரியலைன்னா கறி சுத்தம்னு அர்த்தமில்லை, ஒண்ணு ரெண்டு இருந்தா கண்ணுக்குத் தப்பிடும். மனுஷ மலத்தைத் தின்னுதான் பன்றிக்கு இது வருது. அதனால தெருவுல மேயற பன்றி வேண்டாம், கொட்டில்ல தீவனம் போட்டு வளர்த்த வெண்பன்றிக் கறியா விசாரிச்சு வாங்கு.

துண்டு சின்னதா போட்டு, குக்கர்ல நல்லா வேகவிட்டு, அப்புறம் மிளகு போட்டு வறு. இருக்கறதுலயே பெரிய துண்டை வெட்டிப் பாரு, நடுவுல ரோஸ் நிறம் இருந்தா இன்னும் அடுப்புல வை. தெர்மாமீட்டர் வெச்சிருந்தா துண்டோட நடுவுல 71 டிகிரி செல்சியஸ் காட்டணும். எலுமிச்சை, வினிகர், மிளகாய்த்தூள்ல ஊறினா புழு செத்துடும்னு நம்பாதே. கிரில்லுல மேல கருகி உள்ள பச்சையா இருக்கும், அதுலதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. உப்பு பார்க்கறேன்னு வேகாத மசாலாவை நக்கிப் பார்க்கறதையும் விட்டுடு. ஃப்ரிட்ஜ் ஐஸ் பெட்டியையும் நம்பாதே. கடுங்குளிர்ல நாள்கணக்கா நல்லா உறைஞ்சாத்தான் புழுக்குஞ்சு சாகும், சாதாரண ஃப்ரிட்ஜுல அந்தக் குளிர் சீரா நிக்கும்னு சொல்ல முடியாது.

வேகாத கறி தின்னா வயித்துல நாடாப்புழு வளரும், ரெண்டுலேர்ந்து ஏழு மீட்டர் வரைக்கும்கூட. அதைவிட மோசமானது அந்தப் புழு போடற முட்டை. அது மலத்தோட வெளிய வந்து, சோப்பு போடாத கையில ஒட்டி, தண்ணியிலயும் பச்சைக் காய்லயும் கலந்து இன்னொருத்தர் வயித்துக்குள்ள போகுது. அங்கேர்ந்து மூளைக்குப் போய்க் கட்டியாகி வலிப்பு வருது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் அந்த மாவட்டத்துல செஞ்ச ஆய்வு 2006ல வெளியாச்சு. வலிப்பு இருந்தவங்கள்ல ஏறக்குறைய மூணுல ஒருத்தருக்கு இதுதான் காரணம். 1992ல நியூயார்க்குல, பன்றியையே தொடாத யூதக் குடும்பங்கள்ல இந்த நோய் வந்ததா ஒரு ஆய்வு வந்தது. அங்க வீட்டு வேலை செஞ்சவங்க வயித்துல இருந்த புழுதான் பெரும்பாலும் காரணமா இருக்கும்னு அதுல சொல்லியிருந்தாங்க. ஆக, "நாங்க சைவம், எங்களுக்கு என்ன"ன்னு யாரும் சொல்ல முடியாது. பன்றிக்கறி தின்னறவங்களைப் பார்த்து முகம் சுளிக்கறதும் அர்த்தமில்லாதது.

முட்டைக்கோஸ் புழு மூளைக்குப் போகும்னு பாட்டிமார் பயமுறுத்துவாங்களே, அந்தப் பச்சைப் புழு பாவம், அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. நாடாப்புழு முட்டை கண்ணுக்கே தெரியாது. சாலட்டுக்கு வெக்கற கேரட், வெள்ளரி, கொத்தமல்லியை ஓடற தண்ணியில தேய்ச்சுக் கழுவு. உப்புத் தண்ணியில ஊற வெச்சதோட விட்டுடாதே. குடிக்கற தண்ணியைக் கொதிக்க வை. கழிப்பறை போய்ட்டு வந்தும், சமைக்கறதுக்கு முன்னாடியும், குழந்தைக்கு ஊட்டறதுக்கு முன்னாடியும் சோப்பு போட்டுக் கை கழுவு. வீட்டுக்கு வந்து சமைச்சுத் தர்றவங்களுக்கும் தனியா ஒரு சோப்பு வெச்சுடு, கேட்கக் கூச்சப்படுவாங்க.

மலத்துல தட்டையா வெள்ளைத் துண்டு வந்தா டாக்டரைப் பாரு. வயித்துப் புழுவுக்கு நல்ல மருந்து இருக்கு. மெடிக்கல் ஷாப்புல நீயா பூச்சி மாத்திரை வாங்கிப் போட்டுக்காதே, மூளையிலயும் கட்டி இருந்தா அதுக்குள்ள இருக்கற புழு சாகும்போது வீங்கி ஃபிட்ஸ் வரலாம்.

பெரியவங்க யாருக்காவது முதல் தடவையா ஃபிட்ஸ் வந்தா, கையில சாவிக்கொத்து திணிக்காதே, வாயில எதையும் வெக்காதே. ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு 108க்கு போன் பண்ணு. அப்புறம் மறக்காம தலைக்கு ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேளு.