முதலில் பார்ப்போம், பிறகு வரைவோம்

தேன்கனிக்கோட்டையை அடுத்த அய்யூர் காட்டோரம் நடந்த இரண்டு நாள் இயற்கை முகாமுக்கு, எங்கள் பள்ளியின் ஆறாம், ஏழாம் வகுப்பு மாணவர்கள் 32 பேரை அழைத்துச் சென்றிருந்தோம். முதல் நாள் மாலை ஆளுக்கொரு தாள் கொடுத்து, "சுற்றிலும் பார்த்து வரையுங்கள்" என்றேன். "எப்படி டீச்சர் ஆரம்பிக்கறது?" என்று கேட்டவர்களுக்கு உதவியாக இருக்கட்டுமே என்று மாதிரிக்கு ஒரு படத்தையும் வரைந்து காட்டினேன்.

அரை மணி நேரத்தில் 32 தாள்களிலும் ஒரே படம். இரண்டு மலைகள், நடுவே பாதிச் சூரியன், கீழே ஓர் ஆறு, கரையில் குடிசை, பக்கத்தில் தென்னை மரம். நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் ஆறும் இல்லை, தென்னையும் இல்லை. எதிரே நின்ற மூங்கில் புதரை ஒருவர்கூட வரையவில்லை.

தவறு பிள்ளைகளுடையது அன்று. காட்டுக்கு அழைத்து வந்துவிட்டு, கரும்பலகைப் படத்தையே பார்க்க வைத்தவள் நான்தான்.

மறுநாள் செய்த மாற்றம்

சாந்திநிகேதனில் நந்தலால் போஸ் போகுமிடமெல்லாம் சிறு அட்டைகளில் கண்டதை வரைவார். அஞ்சலட்டையில் வரைந்து மாணவர்களுக்கும் நண்பர்களுக்கும் அனுப்புவார். அவரிடம் பயின்ற தேவி பிரசாத், 1944-இல் சேவாகிராமம் சென்று, காந்தியடிகளின் ஆதாரக் கல்விப் பள்ளியில் ஓவிய ஆசிரியரானார். கலை என்பது பாடங்களுக்கு இடையே வரும் ஓய்வு அன்று, கல்விக்கே அதுதான் அடிப்படை என்பது அவருடைய கருத்து. அன்றிரவு இவர்களை நினைத்துக்கொண்டு மறுநாள் செயல்பாட்டை இப்படி மாற்றினேன்:

1. பத்து நிமிடம் பார்வை மட்டும். தாளும் பென்சிலும் கிடையாது. ஒவ்வொருவரும் ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து, சுற்றி வந்து, குனிந்து, அண்ணாந்து பார்க்க வேண்டும்.
2. மூன்று கேள்விகள். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது? அருகில் போனால் என்ன மாறுகிறது? நேற்று நீ கவனிக்காதது எது?
3. அஞ்சலட்டை அளவுத் தாள். பெரிய தாளை நிரப்பத்தான் பிள்ளைகள் மலையையும் சூரியனையும் தேடுகிறார்கள். சிறிய தாளில் ஒரு பொருளே போதும்.
4. கைக்கெட்டும் வண்ணங்கள். செம்மண், அடுப்புக்கரி, மஞ்சள் தூள், சுண்ணாம்பு. ஊறவைத்த வேப்பம் பிசினில் குழைத்தால் வண்ணம் தாளில் ஒட்டும். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவக்கும். அறிவியல் பாடத்தின் நிறங்காட்டி அங்கேயே புரிந்துவிடும். சுண்ணாம்பை மட்டும் ஆசிரியரே கையாள வேண்டும்.

"ஆனெ, டீச்சர்"

ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன். வீட்டில் கன்னடம் பேசுபவன். தமிழ் வகுப்பில் கேள்வி கேட்டால் தலை குனிந்து நிற்பான். "கற்றலில் பின்தங்கியவர்" என்று என் பதிவேட்டில் எழுதி வைத்திருந்தேன்.

அன்று அவன் வரைந்தது ஓர் அடிமரம். அதன் மேல்பகுதியில் செம்மண்ணை அப்பித் தேய்த்திருந்தான். வண்ணம் சிந்திவிட்டது என்று நினைத்து, "இது என்னப்பா?" என்றேன். "ஆனெ, டீச்சர்" என்றான். படத்தில் யானை இல்லை. என்னை அந்த மரத்தருகே அழைத்துப் போய்க் காட்டினான். என் தலைக்கும் மேலே, மரப்பட்டையில் காய்ந்த சேறு அப்பியிருந்தது. சேற்றில் புரண்ட யானை உடம்பை உரசிச் சென்ற தடம் அது. உடன் வந்த வனக்காப்பாளரும் அதை உறுதிசெய்தார். தோலில் ஒட்டிய உண்ணிகளைப் போக்க யானை அப்படி உரசும் என்றார்.

முந்தைய நாள் அதே மரத்தடியில்தான் நாங்கள் சாப்பிட்டோம். யார் கண்ணிலும் அது படவில்லை.

பிள்ளைகள் சேற்றுத் தடத்தின் உயரத்தைக் கோல் வைத்து அளந்தார்கள். அவன் பாதி கன்னடத்திலும் பாதி தமிழிலும் விளக்கினான். அவன் சொன்ன சொற்களை அட்டையில் எழுதினோம்: ஆனெ – யானை, மர – மரம், மண்ணு – மண், எலெ – இலை. தெலுங்கு பேசும் பிள்ளைகள் ஏனுகு, செட்டு, ஆகு என்று சேர்த்தார்கள். மூன்று மொழி அகராதி ஒன்று அங்கேயே உருவானது. திரும்பி வந்ததும் பதிவேட்டில் நான் எழுதியிருந்ததை அடித்தேன்.

பாறையில் வரையலாமா?

கரித்துண்டு கையில் இருந்ததும் ஒரு மாணவி பாறையில் பெயர் எழுதப் போனாள். தடுத்தேன். "அந்தக் காலத்துல வரைஞ்சாங்கன்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லசந்திரத்தில், பெருங்கற்காலக் கல்திட்டைகள் சிலவற்றின் உட்புறத்தில் வெள்ளை நிற ஓவியங்கள் உள்ளன. அவற்றைப் பற்றி முகாமுக்கு முன்பே பேசியிருந்தோம். "அவங்களைப் பத்தி நமக்குச் சொல்ல அந்தப் படங்கள்தான் இருக்கு. அது மேல நாம பேர் எழுதினா அவங்க எழுதினது அழிஞ்சுபோகும்" என்றேன். பிறகு உதிர்ந்த இலை, விதை, கூழாங்கற்களால் தரையில் கோலம் அமைத்தார்கள். கிளம்பும் முன் அவர்களே கலைத்துவிட்டார்கள். வாசல் கோலம் அன்றன்றைக்குத்தானே!

மதிப்பிடும்போது

"அழகாக இருக்கிறதா?" என்று நான் பார்க்கவில்லை. தானே கவனித்த ஒன்று படத்தில் இருக்கிறதா, அதைப் பற்றி இரண்டு வாக்கியம் சொல்ல முடிகிறதா என்று மட்டும் பார்த்தேன். எந்த மொழியில் சொன்னாலும் ஏற்றுக்கொண்டேன். படங்களைத் தரவரிசைப்படுத்தாமல் 32-ஐயும் வகுப்பறைச் சுவரில் ஒட்டினோம்.

கவனத்திற்கு

எங்கள் பகுதிக் காடுகள் யானைகள் நடமாடுபவை. வனத்துறை அனுமதியும் வனக்காப்பாளரின் துணையும் இல்லாமல் உள்ளே செல்லக் கூடாது. பகல் வெளிச்சத்தில், ஆசிரியரின் பார்வைக்குள்ளேயே வரைய வேண்டும். பச்சை இலை, பூ எதையும் பறிக்க வேண்டாம். காட்டுக்குப் போக முடியாத பள்ளிகளுக்கு வளாகத்து வேப்பமரமும் ஊர் ஏரிக்கரையும் ராகி வயலும் போதும்.

அடுத்த முறை வெளியே அழைத்துச் செல்லும்போது, மாதிரிப் படம் வரைய நம் கை பரபரக்கும். பத்து நிமிடம் பொறுத்துக்கொள்வோம். நம் கண்ணில் படாத ஒன்றை ஏதோ ஒரு பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கலாம்.