கடையில் பாரம் தூக்கும்போது சரியான கொண்ணிலை

மாணவர்களே, சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும் வரையான மாதங்களில் உங்களிற் பலர் கடையொன்றில் வேலைக்கு நிற்பீர்கள். ஆகவே இப்பாடத்தைப் புள்ளிக்காக மட்டும் படிக்க வேண்டாம். நானும் ஒரு பலசரக்குக் கடையில் அப்படி நின்றவன்தான். இரண்டாம் வாரம் சீனி மூடையொன்றைக் குனிந்து தூக்கி, தூக்கியபடியே இடப்பக்கம் திரும்பினேன். நாரி பிடித்துக்கொண்டது. மூன்று வாரம் பாயில் படுக்கை. அந்த நாட்களுக்குச் சம்பளமும் இல்லை.

நாரி ஏன் முதலில் பாதிக்கப்படுகிறது?

முள்ளந்தண்டின் நாரிப் பகுதியில் 5 முள்ளென்புகள் உள்ளன. உடலின் மேற்பகுதியின் நிறை முழுவதும் இவற்றின் மீதே இறங்குகிறது. முள்ளென்புகளுக்கு இடையே கசியிழையத் தட்டுகள் உள்ளன. நிமிர்ந்து நிற்கும்போது தட்டின் மீது அழுத்தம் ஏறக்குறையச் சமமாகப் பரவும். முன்னே குனியும்போது தட்டின் முன்விளிம்பு நசுங்கும், பின்விளிம்பு இழுபடும். அந்த நிலையில் இடுப்பைத் திருப்பினால் தட்டுப் பழுதடையலாம். அது பிதுங்கி நரம்பை அழுத்தினால் வலி கால் வரை இறங்கும்.

இனி ஒரு கணக்கு. நான் கலைப்பிரிவில் படித்தவன். இருந்தாலும் விஞ்ஞான பாடத்தில் வரும் 'திருப்பம்' என்பதை இங்கு பயன்படுத்தாமல் விட மனம் வரவில்லை.

25 கி.கி. அரிசி மூடையின் நிறை ஏறத்தாழ 250 நியூற்றன். அதை உடலோடு அணைத்து, நாரியிலிருந்து 0.2 மீற்றர் தூரத்தில் பிடித்தால் திருப்பம் 250 × 0.2 = 50 நியூற்றன் மீற்றர். கைகளை நீட்டி 0.6 மீற்றர் தூரத்தில் பிடித்தால் 150 நியூற்றன் மீற்றர். இதை ஈடுசெய்ய வேண்டியவை முதுகுத் தசைகள். அவை முள்ளந்தண்டிலிருந்து ஏறத்தாழ 0.05 மீற்றர் தூரத்திலேயே இழுக்கின்றன. எனவே முதலாவது நிலையில் அவை 1000 நியூற்றன் விசையையும், இரண்டாவது நிலையில் 3000 நியூற்றன் விசையையும் கொடுக்க வேண்டும். மூடை ஒன்றுதான், தூரம் மட்டுமே மாறியது. குனியும்போது சேரும் உடலின் நிறையை இங்கு கணக்கில் எடுக்கவில்லை.

தூக்கும் முறை

முதலில் பாரத்தின் அளவை அறிய வேண்டும். பெட்டியில் எழுதியிருப்பதைப் பாருங்கள், ஒரு மூலையைச் சற்றுச் சரித்துப் பாருங்கள். எரிவாயு உருளையில் ஏமாறாதீர்கள். 12.5 கி.கி. என்பது உள்ளே உள்ள வாயு மட்டுமே. உருளையையும் சேர்த்தால் ஏறத்தாழ இருமடங்காகும். செல்லும் வழியில் ஈரமோ வெற்றுப் பெட்டியோ கிடந்தால் அகற்றிவிட்டுத் தூக்குங்கள்.

பாதங்களைத் தோளகலத்துக்கு விரித்து, ஒன்றைச் சற்று முன்வைத்து நிற்க வேண்டும். தாங்கற்பரப்பு கூடுவதால் சமநிலை கூடும். முழங்கால்களை மடித்து, முதுகை அதன் இயல்பான நிலையில் வைத்து, உள்ளங்கை முழுவதாலும் பற்றி, பாரத்தை உடலோடு அணைத்து, தொடைத் தசைகளின் பலத்தால் எழும்ப வேண்டும். திரும்புவது பாதங்களால், இடுப்பால் அல்ல. விடையில் "முழங்காலை மடித்தல்" என்று மட்டும் எழுதி நிறுத்துவோர் பலர். அணைத்துப் பிடித்தலையும் பாதத்தால் திரும்புதலையும் மறக்க வேண்டாம்.

இறக்குவதும் இதே முறையில்தான். பாரமான பொருட்களை இறாக்கையில் இடுப்பு உயரத்தில் அடுக்கினால் குனிவதும் எட்டுவதும் குறையும். ட்ரொலி இருந்தால் இழுப்பதை விடத் தள்ளுவது நல்லது. இருவர் தூக்கும்போது சொல் கொடுப்பவர் ஒருவராகவே இருக்க வேண்டும்.

எவ்வளவு தூக்கலாம்?

சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1967 ஆம் ஆண்டுப் பரிந்துரை வளர்ந்த ஆணுக்கு 55 கி.கி. என்ற மேலெல்லையைக் குறிப்பிட்டது. பெண்களுக்கும் இளவயதினருக்கும் அதைவிடக் கணிசமாகக் குறைவாக இருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. பிரித்தானிய வழிகாட்டல் இன்னும் கவனமானது. இடுப்பு உயரத்தில், உடலோடு அணைத்துத் தூக்கும்போது ஆணுக்கு 25 கி.கி., பெண்ணுக்கு 16 கி.கி. என்கிறது. நம் கடைகளில் 50 கி.கி. மூடையைத் தனியே முதுகில் ஏற்றுவது பெருமையாகப் பேசப்படுகிறது. என்னைக் கேட்டால், முதலாளியிடம் "இன்னொருவர் வேண்டும், ஐயா" என்று கேட்பதில் வெட்கமில்லை.

இலங்கையில் வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக் குறைந்த வயது 2021 இல் 14 இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. வேலையின்போது, வேலையின் காரணமாக ஏற்படும் காயத்துக்கு நட்டஈடு கோர 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வழி செய்கிறது. அன்று எனக்கு இது தெரியாது.

மாதிரி வினா

களஞ்சியத்தில் நிலத்திலுள்ள 20 கி.கி. பெட்டியை ஊழியர் ஒருவர் முழங்கால் மடிக்காது, கைகளை நீட்டித் தூக்கி, இடுப்பைத் திருப்பி இறாக்கையில் வைக்கிறார். அவர் விட்ட தவறுகள் மூன்றையும் ஒவ்வொன்றுக்குமான காரணத்தையும் எழுதுக.

விடை: முழங்கால் மடிக்காமையால் பாரம் தொடைக்குப் பதிலாக முதுகுத் தசைகளில் விழுகிறது. கைகளை நீட்டியமையால் தூரம் கூடித் திருப்பம் அதிகரிக்கிறது. பாரத்தோடு இடுப்பைத் திருப்பியமையால் கசியிழையத் தட்டுப் பழுதடையலாம்.