சொந்தக் காலில் நிற்பதும் நன்றி மறவாமையும்



பள்ளிப் படிப்பை முடிக்கும் பெண் ஒவ்வொருத்தியும், "நானே சம்பாதிக்க வேண்டும், யார் கையையும் எதிர்பாராமல் வாழ வேண்டும்" என்று விரும்புகிறாள். நல்ல விருப்பமே. ஆனால் அந்த நிலையை எட்டியவர்களுள் சிலர், "எல்லாம் என் உழைப்பு" என்பர். வேறு சிலர், "எல்லாம் அதிர்ஷ்டம்" என்பர். இவ்விரண்டில் எது உண்மை? விடை தேடி நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. தாமிரபரணிக் கரையில் நம் முக்கூடல் வீட்டுத் திண்ணைகளிலேயே அது இருக்கிறது.

உழைப்பு

பீடி சுற்றும் தாய்மாரை நாம் நாள்தோறும் காண்கிறோம். இலையை நனைத்துப் பதமாக்கி, அளவுத் தகட்டை வைத்துக் கத்தரிக்க வேண்டும். மடியில் சுளகை வைத்துக்கொண்டு, தூளை அளவாக இட்டுச் சுருட்டி, முனையை மடக்கி, நூலால் கட்ட வேண்டும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பதே கூலிக் கணக்கு. ஆயிரம் முடிக்க ஒரு முழு நாள் போய்விடும். இடையில் சமையலும் தண்ணீர்க்குடமும் பிள்ளைகளும் உண்டு. கழுத்து வலியும் புகையிலைத் தூசியால் வரும் இருமலும் கூலியோடு சேர்ந்தே வருகின்றன. இந்த உழைப்பை அதிர்ஷ்டம் என்று யார் சொல்ல முடியும்?

தேடாமல் கிடைத்தவை

ஆயினும் உழைப்பு மட்டும் போதுமா? ஒரு கணக்குப் பார்ப்போம். 1950இல் ஒரு பாட்டி பீடி சுற்றினார்; 1990இல் அவர் பேத்தி சுற்றினாள். இருவர் விரல்களும் ஒரே வேலையைத்தான் செய்தன. பாட்டிக்குச் சேமநல நிதி என்ற பேச்சே கிடையாது. பேத்திக்கோ அது சட்டப்படி உரிமை. பேத்தி பாட்டியைவிட அதிகம் உழைத்ததால் வந்ததன்று இது. பிந்திப் பிறந்ததால் வந்தது.

அந்த உரிமை தானாக வந்துவிடவில்லை. பீடித் தொழிலாளருக்கென 1966இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. வீட்டிலிருந்து சுற்றுவோரையும் அது தொழிலாளராகக் கருதியது. முதலாளிகள் வழக்குத் தொடுத்தனர்; 1974இல் உச்சநீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்றது. 1976இல் நலநிதிச் சட்டம் வந்தது. 1977இல் சேமநல நிதித் திட்டம் பீடித் தொழிலுக்கும் விரிந்தது. அதையும் எதிர்த்து வழக்கு நடந்தது. வீட்டில் சுற்றுவோருக்கும் அது உண்டு என்று 1985இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. நலநிதியின் மருத்துவமனை நம் முக்கூடலுக்கு வந்ததும் இந்த வழியில்தான்.

ஒருவருடைய அதிர்ஷ்டம் பெரும்பாலும், முன்னே சென்ற வேறொருவருடைய உழைப்பே என்பது இதனால் விளங்கும். நம் சுளகில் விழும் இலைகூட மத்தியப் பிரதேசம், ஒடிசா முதலிய இடங்களின் காடுகளில், கோடை வெயிலில் யாரோ பறித்ததுதான்.

2023ஆம் ஆண்டுக் குடிமைப்பணித் தேர்வில், செங்கோட்டையைச் சேர்ந்த இன்பா 851ஆம் இடம் பெற்றார். அவருடைய தாயார் பீடி சுற்றுபவர். ஊர் நூலகத்தில் அமர்ந்து படித்தவர் இன்பா. படித்தது அவருடைய உழைப்பு. நூலகம் ஊர் தந்தது. பீடிக் கூலி தாய் தந்தது. இவற்றுள் எதைத் தள்ளிவிட்டு மற்றதை மட்டும் எண்ணுவது?

நன்றி என்பது எது?

கைகூப்பி வாய்மூடி இருப்பது நன்றியாகாது. குறைந்த கூலியையும் கெடும் உடல்நலத்தையும் "கிடைத்தது போதும்" என்று பொறுத்துக்கொள்வதும் நன்றியாகாது. அப்படிப் பொறுத்திருந்தால் 1966ஆம் ஆண்டுச் சட்டமே பிறந்திராது. கிடைத்தது நிலைக்கும் என்றும் இருந்துவிட முடியாது. அந்த நலநிதிக்காகப் பீடி மீது வசூலித்த வரி 2017இல் நீக்கப்பட்டது. ஆகவே நன்றியுள்ளவள் விழிப்பாகவும் இருக்க வேண்டும்.

வேலைக்குச் செல்லும் நாளில் நாம் மூன்றை நினைவில் கொள்வோம்.

ஒன்று: முதல் சம்பளத்தில் அம்மாவுக்குப் புடவை எடுத்துக் கொடுத்தால் கடன் தீர்ந்துவிடாது. அவர் விரல்களுக்கு ஓய்வு கொடுப்போம்.

இரண்டு: நம்மோடு படித்து, பத்தாம் வகுப்போடு நின்றுவிட்ட தோழியைச் சோம்பேறி என்று எண்ணாதிருப்போம். அவள் வீட்டில் தகப்பனார் நோயில் படுத்திருக்கலாம். ஒரே தெருவில் ஒரே எண்ணிக்கை சுற்றும் இருவருள், பாஸ்புக் உள்ளவளுக்குச் சேமநல நிதி சேர்கிறது, இல்லாதவளுக்குச் சேர்வதில்லை. குறை அவள் விரலில் இல்லை.

மூன்று: நமக்குத் திறந்த கதவை அடுத்தவளுக்கும் திறப்போம். உதவித்தொகை விண்ணப்பம் நிரப்பத் தெரியாத தங்கைக்கு நிரப்பிக் கொடுப்பதும் பெரிய உதவியே.

நம் ஊரின் பெயர் மூன்று கூடுவதைச் சொல்கிறது. நம் உழைப்பு, நமக்குக் கிடைத்த வாய்ப்பு, பிறர் செய்த உதவி ஆகிய மூன்றும் கூடிய இடத்தில்தான் நம் கால்கள் ஊன்றுகின்றன. சொந்தக் காலில் நிற்போம். அந்தக் கால் ஊன்றிய மண்ணையும் மறவாதிருப்போம்.