எல்லாச் சிவப்பும் மெட்ராஸ் ஐ அல்ல

கண் சிவந்தால் போதும், நம் ஊரில் ‘மெட்ராஸ் ஐ’ என்று முடிவுகட்டி, கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிடுவார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். மருந்துக் கடையில் சொட்டு மருந்துகூட எடுத்து வைத்துவிட்டார்கள். வலி வேறு மாதிரி இருந்ததால் நேராகக் கண் மருத்துவரிடம் போனேன். அவர் ஸ்லிட் லேம்ப்பில் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: “காலையில எழுந்திரிக்கும்போது முதுகு பிடிச்சுக்கிட்டு இருக்குமா சார்?”

இருந்தது, பல வருடங்களாக. எழுந்து அரைமணி நேரம் நடமாடினால்தான் முதுகு வளையும். படுத்திருந்தால் கூடும், நடந்தால் குறையும். ஆசிரியர் வேலை, நின்றுகொண்டே இருப்பதால் வருகிறது என்று வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். அது ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்ற தன்னெதிர்ப்பு நோய். உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பாற்றல் முதுகுத்தண்டின் மூட்டுகளையே தாக்குகிறது. இந்த நோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு, வாழ்நாளில் ஒருமுறையாவது கண்ணின் நடுப்படலமும் அழற்சி அடைகிறது. அதற்குப் பெயர் யுவைட்டிஸ். எச்எல்ஏ-பி27 என்ற மரபணுக் கூறுக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பு 1973-இல் தெரியவந்தது. ஆனால் அந்தக் கூறு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு எந்த நோயும் வருவதில்லை.

வித்தியாசம் எப்படித் தெரியும்?

மெட்ராஸ் ஐயில் உறுத்தலும் பீளையும் இருக்கும், காலையில் இமை ஒட்டிக்கொள்ளும், பெரும்பாலும் ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்கும் பரவும். எனக்கு ஒரு கண்ணில் மட்டும் வந்தது. பீளை இல்லை, தண்ணீர் மட்டும் வடிந்தது. உள்ளே ஆழத்தில் வலி. கருவிழியைச் சுற்றி வளையம் போட்டதுபோல் சிவப்பு. பார்வை மங்கல். வெளிச்சம் பட்டால் தாங்கவில்லை. மருத்துவர் நல்ல கண்ணில் டார்ச் அடித்தபோதுகூட நோயுள்ள கண்தான் வலித்தது. இந்த அறிகுறிகள் இருந்தால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். தாமதித்தால் கண்பாவையின் விளிம்பு பின்னால் இருக்கும் லென்ஸோடு ஒட்டிக்கொள்ளும். கண் அழுத்தமும் கூடலாம்.

கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும். எனக்கான மருந்தும் ஸ்டீராய்டுதான். ஆனால் வைரஸால் கருவிழியில் புண் வந்தவருக்கு அதே மருந்து பார்வையையே கெடுத்துவிடும். எது என்று உள்ளே பார்த்தவர்தான் சொல்ல முடியும்.

சொட்டு மருந்து போடும் முறை

எனக்குத் தந்த பிரெட்னிசோலோன் பால்போல் வெண்மையானது. மருந்து அடியில் தங்கிவிடும், அதனால் ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்க வேண்டும். போட்டதும் கண்ணை மூடி, மூக்கோரத்தில் விரலால் ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தால் மருந்து தொண்டைக்கு இறங்காது. இரண்டு மருந்து இருந்தால் நடுவில் ஐந்து நிமிட இடைவெளி விடுங்கள். பாவையை விரிக்கும் மருந்து போடும் நாட்களில் கிட்டத்தில் இருக்கும் எழுத்து தெரியாது, இருசக்கர வண்டி ஓட்டாதீர்கள்.

ஆரம்பத்தில் மணிக்கொரு முறை போட்ட மருந்தைப் பல வாரங்களில் படிப்படியாகக் குறைப்பார்கள். சிவப்பு போய்விட்டதே என்று திடீரென நிறுத்தினால் அழற்சி திரும்பும். நீண்ட நாள் தானாகவே போட்டுக்கொண்டிருந்தால் கண்புரையும் கண் அழுத்த நோயும் வரலாம். அதனால் மறுபரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் கண் அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள்.

இரண்டு கோப்பு வேண்டாம்

கண்ணுக்கு ஒரு கோப்பு, முதுகுக்கு ஒரு கோப்பு என்று வைக்காமல் ஒரே கோப்பாக வைத்து இரண்டு மருத்துவர்களிடமும் காட்டுகிறேன். காரணம் உண்டு. முதுகுக்கு நன்றாக வேலை செய்யும் எட்டனர்செப்ட் ஊசி, கண் அழற்சியைத் தடுப்பதில் அடாலிமுமாப் அளவுக்குப் பயன்படுவதில்லை. கண்ணில் அடிக்கடி வருகிறது என்று தெரிந்தால்தான் மூட்டுவாத மருத்துவர் அதற்கேற்ற ஊசியைத் தேர்ந்தெடுப்பார். இந்த ஊசிகளுக்கு முன் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம். உடலுக்குள் உறங்கும் காசநோய்க் கிருமியை அவை எழுப்பிவிடக்கூடும்.

காத்திருப்பு அறையில் மற்ற நோயாளிகளோடு பேசியதில், ஒவ்வொரு தன்னெதிர்ப்பு நோயும் கண்ணை ஒவ்வொரு விதமாகத் தொடுவது புரிந்தது. முடக்குவாதத்திலும் ஷோக்ரனிலும் கண்ணீர் வற்றும். தைராய்டு சார்ந்த கிரேவ்ஸ் நோயில் கண் பிதுங்கும், புகைபிடித்தால் அது மோசமாகும். லூபஸுக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை சாப்பிடுபவர்கள் முதல் வருடத்திலேயே விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். ஐந்து வருடத்துக்குப் பின் ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். மூட்டுவாதம் உள்ள குழந்தைகளிடம் கூடுதல் கவனம் தேவை. அவர்களுக்குச் சிவப்பும் வலியும் இல்லாமலே யுவைட்டிஸ் வரும். கண் வெள்ளையாக இருக்கிறதே என்று பெற்றோர் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

வலியோடு கண் சிவந்து வெளிச்சம் கூசினால் அன்றைக்கே கண் மருத்துவரைப் பாருங்கள். முதுகோ மூட்டோ காலையில் பிடித்துக்கொள்வது உண்டென்றால், அவர் கேட்காவிட்டாலும் அதைச் சொல்லிவிடுங்கள்.