பாலையில் ஓர் ஆற்றங்கரை

கேள்வி: பாலைவனத்தில், ஆற்றங்கரைக் கூடாரத்தில் தங்கி விலங்குகளைப் பார்க்க ஆசை. ஆப்பிரிக்காவுக்குத்தான் போக வேண்டுமா?
– வாசகி ஒருவர், சங்கரன்கோவில்

பதில்: வேண்டியதில்லை. ராஜஸ்தானில், பாலி மாவட்டத்து ஜவாய்க்குப் போங்கள். தார் பாலைவனத்தின் விளிம்பு அது. ஜவாய் ஆறு லூனியோடு சேரும். லூனியோ கடலைத் தொடாமலே கட்ச் ரண் என்னும் உப்புச் சதுப்பில் முடிந்துவிடும். மழைக்காலம் கழிந்தால் ஜவாய் ஆற்றில் மணல்தான். அதன் குறுக்கே 1957-ல் கட்டி முடித்த அணையின் நீரில்தான் முதலைகளும் வலசைப் பறவைகளும் வாழ்கின்றன.

ஆனால் போக வேண்டியது சிறுத்தைகளுக்காக. கருங்கல் குன்றுகளின் குகைகளில் அவை குட்டி போடுகின்றன. அதே குன்றுகளில் கோயில்கள். அடிவாரத்தில் ரபாரி மேய்ப்பர்களின் ஆடுமாடுகள். அவ்வப்போது ஓர் ஆட்டைச் சிறுத்தை தூக்கிக்கொண்டு போகும். அதற்காக அவர்கள் பழிவாங்கக் கிளம்புவதில்லை. இத்தனை நெருக்கத்தில் இந்தப் பொறுமையை வேறெங்கு காண்பது?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல பருவம். கம்பளி அவசியம். அகமதாபாத்–அஜ்மீர் பாதையில் ஜவாய் பாந்த் நிலையத்தில் இறங்கலாம். சொகுசுக் கூடாரங்களின் வாடகை அதிகம். கிராமத்து வீடுகளிலும் தங்கலாம். இரவில் சிறுத்தையின் கண்ணில் விளக்கடித்துக் காட்டும் ஜீப்பில் மட்டும் தயவுசெய்து ஏறாதீர்கள்.