தீப்பெட்டியும் தேவ ஜனமும்



வாலிபர் வேதபாடத்தில் உலக சரித்திரத்தையும் கொஞ்சம் சேர்த்துப் படிப்போம் என்று நான் சொன்னபோது, மூத்த சகோதரர் ஒருவர், "பிரதர், பரலோகம் போறவனுக்கு ராஜாக்கள் கதை எதுக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் லூக்கா 3-ம் அதிகாரத்தின் ஆரம்பத்தை எடுத்துப் பாருங்கள். யோவான் ஸ்நானன் பிரசங்கம் பண்ணுவதற்கு முன்னே, அது ரோமாபுரியில் யாருடைய எத்தனையாம் வருஷம், யூதேயாவுக்கு யார் தேசாதிபதி, பிரதான ஆசாரியர்கள் யார் யார் என்று பரிசுத்த ஆவியானவர் வரிசையாக எழுதி வைத்திருக்கிறார். வருஷமும் ஊரும் ஆளும் இல்லாத சுவிசேஷம் நமக்குக் கொடுக்கப்படவில்லை.

இந்தப் பாடத்துக்கு நான் எடுத்துக்கொண்டது எகிப்தும் அல்ல, பாபிலோனும் அல்ல. நம்முடைய வீட்டில் ஸ்டவ் பக்கத்தில் கிடக்கிற வத்திப்பெட்டி. காரணம் இருக்கிறது. நம் விலாசத்தில் 'விம்கோ நகர்' என்று எழுதுகிறோம். ரயில்வே ஸ்டேஷன் போர்டிலும் அந்தப் பெயர்தான். 2021-ல் திறந்த மெட்ரோ ஸ்டேஷனிலும் அந்தப் பெயர்தான். பிள்ளைகளிடம் விம்கோ என்றால் என்ன என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி என்ற இங்கிலீஷ் பெயரின் சுருக்கம் அது. சுவீடன் தேசத்து தீப்பெட்டி முதலாளிகள் 1923-ல் ஆரம்பித்த கம்பெனி. ஒரு தீப்பெட்டியின் பெயரில் நாம் குடியிருக்கிறோம்.

நெருப்பு வந்த வழி

கப்பல் சேதமாகி மெலித்தா தீவில் கரையேறின பவுலுக்கும் கூட இருந்தவர்களுக்கும், மழைக்கும் குளிருக்கும் அந்தத் தீவார் நெருப்பு மூட்டிக் கொடுத்தார்கள் (அப். 28:2). நெருப்பு உண்டாக்குவது அந்நாளில் சாதாரண காரியமல்ல. கல்லில் தட்டிப் பொறி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் தணல் வாங்க வேண்டும். பலிபீடத்து அக்கினி அவியக்கூடாது என்று லேவியராகமம் 6-ல் கட்டளை வருகிறது. தினமும் காலையில் ஆசாரியன் விறகு போடவேண்டும். அவிந்துபோகாமல் காப்பாற்றுவதே அந்தக் காலத்தில் நெருப்பைப் பற்றிய பெரிய வேலை.

1669-ல் ஜெர்மனியில் ஹாம்பர்க் பட்டணத்தில் ஹென்னிக் பிராண்ட் என்பவர் பொன் செய்யலாம் என்ற ஆசையில் மனுஷருடைய சிறுநீரைக் குடம் குடமாகக் காய்ச்சினார். பொன் வரவில்லை. இருட்டில் தானாக ஒளிவிடும் மெழுகு போன்ற ஒரு பொருள் வந்தது. அதுதான் பாஸ்பரஸ். கிரேக்க பாஷையில் அதற்கு 'ஒளியைச் சுமக்கிறது' என்று அர்த்தம். 1826-ல் இங்கிலாந்தில் ஸ்டாக்டன் என்ற ஊரில் மருந்துக்கடை வைத்திருந்த ஜான் வாக்கர், உரசினால் பற்றும் குச்சியைச் செய்தார். அதில் பாஸ்பரஸ் இல்லை. சில வருஷங்களில் மற்றவர்கள் குச்சி முனையில் வெள்ளை பாஸ்பரஸை வைத்தார்கள். சுவரில் உரசினாலும் பற்றும், செருப்படியில் உரசினாலும் பற்றும். உலகமெல்லாம் அதை வாங்கியது.

தாடை எலும்பு

அந்தக் குச்சி செய்கிற இடத்தில் ஒரு ஆவி எழும்பும். சொத்தைப் பல் வழியாக அது தாடைக்குள் போகும். முதலில் பல்வலி, பிறகு வீக்கம், பிறகு தாடை எலும்பே அழுகிச் சீழ் வடியும். நாற்றம் தாங்காமல் வீட்டார்கூட கிட்டே வர மாட்டார்கள். வியன்னாவில் லோரின்சர் என்ற டாக்டர் 1845-லேயே இதை எழுதி வைத்தார். தாடையை அறுத்து எடுத்தால்தான் உயிர் பிழைக்கலாம் என்ற நிலைமை. வேலை செய்தவர்களில் மிகுதியானவர்கள் ஏழைப் பெண்பிள்ளைகள்.

இதற்கு மாற்று அப்போதே இருந்தது. இதைக் கவனியுங்கள். வியன்னாவில் கண்டுபிடித்த சிவப்பு பாஸ்பரஸுக்கு அந்த விஷம் இல்லை. 1844-ல் சுவீடனில் பாஷ் என்ற பேராசிரியர், பாஸ்பரஸைக் குச்சியிலிருந்து எடுத்துப் பெட்டியின் பக்கத்தில் பூசலாம் என்று காட்டினார். பிறகு யோன்ஷோப்பிங் பட்டணத்து லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் சிவப்பு பாஸ்பரஸை வைத்து அதை வியாபாரத்துக்குக் கொண்டுவந்தார்கள். இன்றைக்கு நம் கையில் இருக்கிற பெட்டியும் அதே மாதிரிதான். குச்சியில் ஒரு மருந்து, பக்கத்தில் ஒரு மருந்து. இரண்டும் சேர்ந்தால்தான் தீ.

லண்டனில் பிரயன்ட் அண்ட் மே கம்பெனி 1855-ல் இந்த சுவீடன் முறைக்கு உரிமை வாங்கியது. அதை ஆரம்பித்த வில்லியம் பிரயன்ட்டும் பிரான்சிஸ் மேயும் குவேக்கர் சபையார். ஆவியானவர் ஏவும்வரை அமைதியாகக் காத்திருந்து ஜெபிக்கிற கூட்டத்தார். ஆனால் பத்திரமான குச்சிக்கு விலை கொஞ்சம் கூட, பெட்டி இல்லாமல் பற்றாது. ஜனங்கள் மலிவானதைத்தான் கேட்டார்கள். ஆகவே கம்பெனி இரண்டையும் செய்தது, தாடையை அரிக்கிற அந்தக் குச்சியையும் விடவில்லை.

1888-ல் அந்தத் தொழிற்சாலையில் பேசினால் அபராதம், கால் அழுக்காக இருந்தால் அபராதம். மருந்து நாறுகிற அதே அறையில்தான் சாப்பாடு. பங்குதாரருக்கோ நல்ல லாபம். இதைப் பத்திரிகையில் எழுதி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது யார் தெரியுமா? பிற்காலத்தில் நம்ம அடையாறுக்கு வந்தாரே, அந்த அன்னி பெசன்ட் அம்மையார்தான். அந்த நாட்களில் அவர் தேவன் இல்லை என்று மேடையில் பேசிக்கொண்டிருந்தவர். ஜூலை மாதத்தில் சுமார் 1400 பெண்கள் வேலையை நிறுத்தினார்கள். அபராதம் ஒழிந்தது, சாப்பிடத் தனி அறை கிடைத்தது. யாக்கோபு 5:4-ஐப் பிரசங்கபீடத்தில் வாசிக்கிறவர்கள் வாசலுக்கு வெளியே அதன் கூக்குரலைக் கேட்காதபோது, தேவன் இல்லை என்றவர் கேட்டார். இது எனக்குக் கஷ்டமான ஒரு இடம். உங்களுக்கும் அப்படியே இருக்கட்டும் என்று இதை மறைக்காமல் எழுதுகிறேன்.

எழுப்புதல்காரர் நடத்திய தொழிற்சாலை

ஆனாலும் கர்த்தர் தம் ஜனத்திலும் ஒருவரை எழுப்பினார். கிழக்கு லண்டன் தெருக்களில் கூட்டம் நடத்தி, குடிகாரரையும் கைவிடப்பட்டவரையும் சிலுவையண்டை அழைத்த இரட்சணிய சேனை ஸ்தாபகர் வில்லியம் பூத். 1891-ல் அவர் ஓல்ட் ஃபோர்ட் பகுதியில் தாமே தீப்பெட்டித் தொழிற்சாலை தொடங்கினார். சிவப்பு பாஸ்பரஸ் மட்டும்தான். வெளிச்சமும் காற்றும் உள்ள கட்டிடம், டீ போட்டுக் குடிக்க வசதி. ஒரு குரோசுக்கு, அதாவது 144 பெட்டிக்கு, மற்றவர்கள் இரண்டரை பென்னி அளவில் கூலி கொடுத்தபோது பூத் நான்கு பென்னி கொடுத்தார். நோய்ப்பட்டவர்களின் வீடுகளுக்குப் பார்லிமெண்ட் அங்கத்தினரையும் பத்திரிகைக்காரரையும் கூட்டிக்கொண்டு போய், நேரில் பாருங்கள் என்று காட்டினார்கள்.

கூலி கூடினால் விலையும் கூடும். அங்கேதான் சபைக்குச் சோதனை. சேனையின் ஜனங்கள் கடைக்காரரிடம் போய், "எங்களுக்கு அந்தப் பெட்டிதான் வேணும்" என்று விடாமல் கேட்டார்கள். அவர்களும் ஏழைகள்தான், ஒவ்வொரு காசையும் எண்ணிச் செலவு பண்ணினவர்கள். வியாபாரமாகப் பார்த்தால் இது நிலைக்கவில்லை. பத்து வருஷத்தில் தொழிற்சாலை கைமாறிவிட்டது. ஆனால் அதற்குள் காரியம் நடந்துவிட்டது. 1898-ல் பிரயன்ட் அண்ட் மே 17 பேருக்கு நோய் வந்ததையும், அவர்களில் 6 பேர் செத்ததையும் சர்க்காருக்குத் தெரிவிக்கவில்லை என்று கோர்ட்டில் தண்டனை பெற்றது. அபராதம் 25 பவுனும் சில்லறையும். ஆறு உயிருக்கு அவ்வளவுதான்! 1901-ல் கம்பெனி வெள்ளை பாஸ்பரஸை விட்டது.

1906 என்றவுடன் நம்முடைய ஜனங்களுக்கு அசூசா தெரு ஞாபகம் வரும். லாஸ் ஏஞ்சல்ஸில், அடிமைகளாயிருந்த பெற்றோரின் மகன் வில்லியம் சீமோர் முழங்காலில் நின்ற வருஷம். அதே வருஷம் செப்டம்பரில் சுவிட்சர்லாந்தின் பெர்ன் பட்டணத்தில் தேசங்கள் கூடி, வெள்ளை பாஸ்பரஸ் தீக்குச்சியை விலக்க உடன்படிக்கை பண்ணின. இந்தியாவில் 1913-ல் தடைச் சட்டம் வந்தது. அதற்குப் பத்து வருஷம் பின்னேதான் விம்கோ வந்தது. அதனால் திருவொற்றியூர் பக்கத்திலிருந்து தீப்பெட்டி வேலைக்குப் போன நம் பெரியவர்களுக்கு அந்தத் தாடை நோய் வரவில்லை. லண்டனில் யாரோ பெற்ற பிள்ளைகள் பட்ட பாடு அது.

சுவீடனிலிருந்து திருவொற்றியூருக்கு

1922-ல் வெள்ளைக்காரன் சர்க்கார் இறக்குமதித் தீப்பெட்டிக்கு குரோசுக்கு ஒன்றரை ரூபாய் வரி போட்டது. வரியைத் தாண்ட வழி, இந்தியாவுக்குள்ளேயே செய்வது. பம்பாய்ப் பக்கம் அம்பர்நாத், கல்கத்தா, பரேலி, நம் திருவொற்றியூர் என்று தொழிற்சாலைகள் வந்தன. பின்னால் நின்றவர் இவார் க்ரூகர், 'தீப்பெட்டி ராஜா' என்றே அவருக்குப் பெயர். தேசங்களுக்குக் கடன் கொடுப்பார். பதிலுக்கு அந்த நாட்டில் அவர் தீப்பெட்டி மட்டும்தான் விற்க வேண்டும். ஜெர்மனிக்கு 1929-ல் பன்னிரண்டரை கோடி டாலர் கடன் பேசினார். ஜெர்மனியில் அந்தத் தனியுரிமை 1983 வரை இருந்தது! 1 சாமுவேல் 13:19-20 வாசியுங்கள். இஸ்ரவேலில் கொல்லன் இல்லாதபடி செய்து, கலப்பைக்குக்கூடப் பெலிஸ்தரிடம் போகவைத்த தந்திரம் அப்படியே இங்கே. 1932 மார்ச் 12-ல் க்ரூகர் பாரிசில் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டு செத்தார். பிறகு பார்த்தால் கள்ளப் பத்திரங்கள்.

நம் தமிழ்நாட்டிலோ சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்து, மிஷின் இல்லாமல் கையால் செய்யும் தொழிலை வளர்த்தார்கள். வறண்ட பூமியில் ஆயிரமாயிரம் குடும்பத்துக்கு அது சோறு போட்டது, அதை மறுக்கக்கூடாது. ஆனால் விலையை அடக்கிப் பிடித்ததில் சின்னப் பிள்ளைகளின் விரல்களும் இருந்தன. 1996 டிசம்பர் 10-ல் சுப்ரீம் கோர்ட், பிள்ளைகளை வேலைக்கு வைத்தவர் பிள்ளை ஒன்றுக்கு 20,000 ரூபாய் கட்டவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அந்தப் பெட்டிகளை வாங்கினது யார்? மெழுகுவத்தி ஏற்ற, கரண்ட் போன ஜெபக்கூட்டத்தில், நாம்தான்.

2021 டிசம்பரில் பதினான்கு வருஷத்துக்குப் பிறகு பெட்டி ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாயானது. முணுமுணுத்தவர்களை நான் கேட்டேன்.

அடுத்த பாடத்துக்கு வருகிற வாலிபர் உபாகமம் 24:14-15, எரேமியா 22:13, யாக்கோபு 5:1-6 மூன்றையும் வாசித்து வரவும். கம்பெனியில், துறைமுகத்தில், காண்ட்ராக்டில் வேலை செய்கிறவர்கள், உங்கள் இடத்தில் சாப்பிடத் தனி இடம் உண்டா, எந்த மருந்து, எந்தப் புகை உங்கள் மேல் படுகிறது என்று எழுதிக் கொண்டுவாருங்கள். வீட்டில் ஆள் வைத்து வேலை வாங்குகிற சகோதரிகள் என்ன கூலி கொடுக்கிறீர்கள் என்று எழுதுங்கள். பெயர் போட வேண்டாம்.